நோயால வேலையை விட்டவங்க பி.எஃப். பணத்துக்கு வரி கிடையாது, ஆனா அதைச் சரியா எழுதணும்

1/
இன்னைக்கு மாத்திரை மருந்து பத்தி இல்லை. பி.எஃப். பணம், அதுல பிடிக்கிற வரி, அதை இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ல எப்படிக் காட்டணும், இதைப் பத்தித்தான். "டாக்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. இருக்கு. அஞ்சு வருஷத்துக்குள்ள வேலையை விட்டு பி.எஃப். எடுத்தா வரி உண்டு. உடம்பு சரியில்லாம வேலை போயிருந்தா அந்த வரி கிடையாது. உடம்பு சரியில்லைன்னு சொல்லும் காகிதம் எங்க மேஜையிலிருந்துதான் போகுது. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
முதல்லயே சொல்லிடறேன். நான் ஆடிட்டர் இல்லை, எம்.பி.பி.எஸ். படிச்ச அரசு டாக்டர். தொகை பெருசா இருந்தா, பழைய வருஷ விவகாரம் இருந்தா, ஒரு நல்ல ஆடிட்டரைப் பாருங்க. ஆனா அடிப்படை விஷயம் தெரியாததாலேயே பணத்தை விட்டவங்களை ஓ.பி.யில தொடர்ந்து பார்க்கிறேன். அந்த அடிப்படைதான் இங்க.

3/
திருவண்ணாமலை மாவட்டத்துல பி.எஃப். கணக்கு இல்லாத வீடு இப்போ குறைவு. செய்யாறு சிப்காட்ல ஷூ கம்பெனிக்குப் போற பெண்கள், செங்கம், போளூர், தண்டராம்பட்டுலேர்ந்து ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், திருப்பூர், பெங்களூரு போற பசங்க, எல்லார் சம்பளத்துலயும் மாசாமாசம் பிடித்தம் நடக்குது. வேலை ரெண்டு மூணு வருஷத்துல மாறிக்கிட்டே இருக்கும். அதுக்கு நடுவுல ஒரு பெரிய நோய் வந்தா முதல்ல கை போற இடம் இந்தப் பி.எஃப். பணம்தான்.

4/
சட்டம் சொல்றது இதுதான். தொடர்ந்து அஞ்சு வருஷம் வேலை பார்த்துட்டு எடுத்தா பி.எஃப். பணத்துக்கு வரி இல்லை. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தா வரிக் கணக்குல வரும். இதுக்கு விதிவிலக்கு இருக்கு. ஊழியரோட உடல்நலக் குறைவால வேலை முடிஞ்சிருந்தாலோ, கம்பெனி தொழிலைக் குறைச்சாலோ மூடினாலோ, ஊழியர் கையை மீறிய வேற காரணம்னாலோ, அஞ்சு வருஷம் ஆகாட்டியும் வரி இல்லை. 1961 வருமான வரிச் சட்டத்தோட நான்காவது அட்டவணையில எழுதப்பட்ட விதி இது. யாரோ வாட்ஸ்அப்ல எழுதினது இல்லை.

5/
கவனிங்க, "கல்யாணம் ஆகுது, வேலையை விடறேன்", "வேற கம்பெனில சம்பளம் கூட, விடறேன்" இதெல்லாம் இந்த விலக்குல வராது. அது சொந்தக் காரணம். முதுகெலும்புல டி.பி., ரெண்டு கிட்னியும் செயலிழப்பு, பக்கவாதம், வால்வு கெட்டு ஆபரேஷன், இப்படி வேலையே செய்ய முடியாமப் போனவங்களுக்கானது இது.

6/
சரி, இவங்களுக்கு வரி இல்லைன்னா பிரச்சினை எங்கே? மூணு இடத்துல.
ஒண்ணு, வேலையை விட்ட காரணத்தைக் கம்பெனி எப்படிப் பதியுதுங்கறது.
ரெண்டு, பணம் எடுக்கும்போது ஃபார்ம்ல நீங்க எதை டிக் பண்றீங்கங்கறது.
மூணு, அடுத்த வருஷம் ரிட்டர்ன்ல எந்தக் கட்டத்துல எவ்வளவு எழுதறீங்கங்கறது.
மூணும் எழுத்து வேலை. ஒரு வார்த்தை மாறினா வரி இல்லாத பணம் வரி உள்ள பணமா மாறிடும்.

7/
முதல் இடம். ஒரு பையன் ஆறு மாசம் படுக்கையில இருக்கான்னு வைங்க. ஹெச்.ஆர். போன் பண்ணி "ரிசைன் லெட்டர் அனுப்பிடுப்பா, கணக்கை முடிச்சிடலாம்"ங்கறாங்க. அவனும் "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்"னு ரெண்டு வரி எழுதி அனுப்பறான். முடிஞ்சது. பி.எஃப். பதிவுல அது சாதாரண இடைவிலகல். நோய்ங்கற வார்த்தை எங்கேயும் இல்லை. பின்னாடி வரி ஆபீஸ்ல கேள்வி வந்தா, அவன் சொந்தக் கையெழுத்தே அவனுக்கு எதிர்சாட்சி.

8/
அதனால ராஜினாமா எழுதித்தான் ஆகணும்னா காரணத்தை அப்படியே எழுதுங்க. "இன்ன நோய், இன்ன தேதியிலிருந்து சிகிச்சை, இந்த வேலையைத் தொடர முடியாத நிலை, மருத்துவச் சான்று இணைப்பு." நாலு வரி போதும். ஒரு நகலை போட்டோ எடுத்து வைங்க. நோயைச் சொல்ல வெட்கப்படறவங்க நிறைய பேர், டி.பி.ன்னா சொல்லவே மாட்டாங்க. உங்க தயக்கம் எனக்குப் புரியுது. ஊருக்கே சொல்ல வேண்டாம், கம்பெனிக்கும் பி.எஃப். ஆபீசுக்கும் போற காகிதத்துல இருந்தா போதும்.

9/
ரெண்டாவது இடம். முழுப் பணம் எடுக்கும் ஃபார்ம்ல, அஞ்சு வருஷம் ஆகலைன்னா ஏன் வேலையை விட்டீங்கன்னு கேட்கும். உடல்நலக் குறைவு அதுல ஒரு காரணமாவே இருக்கு. ப்ரவுசிங் சென்டர்ல பத்து பேருக்குப் போட்ட பழக்கத்துல பதினோராவதா உங்களுக்கும் "பெர்சனல்"னு போட்டுடுவாங்க. அவங்களைக் குறை சொல்லலை, அவங்களுக்கு உங்க கதை தெரியாது. நீங்கதான் சொல்லணும்: "அண்ணே, உடம்பு சரியில்லாம விட்டேன், அதையே போடுங்க."

10/
இங்க தப்பினா என்ன ஆகும்? அஞ்சு வருஷம் ஆகாத கணக்குல 50,000 ரூபாய்க்கு மேல எடுத்தா 10% டி.டி.எஸ். பிடிச்சுட்டுத்தான் மீதி வரும். பேன் கார்டு இணைக்கலைன்னா 20%. வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானமே இல்லாதவங்க சுய உறுதிமொழி ஃபார்ம் (1961 சட்டத்துல 15ஜி) கொடுத்தா பிடிக்க மாட்டாங்க. அதுக்கும் பேன் வேணும். 15ஜி-ல பொய் எழுதினா தண்டனை உண்டு. வருமானம் இருக்கறவங்க அதுல கை வைக்காதீங்க.

11/
ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்குத்தான். அடிப்படைச் சம்பளம் 15,000. உங்க 12% மாசம் 1,800. கம்பெனியும் 12% போடும், ஆனா அதுல 1,250 பென்ஷன் கணக்குக்குப் போயிடும், மீதி 550 தான் பி.எஃப்.ல சேரும். 40 மாசம் வேலை.
உங்க பணம்: 72,000
அதுக்கு வட்டி: சுமார் 10,000
கம்பெனி பணம்: 22,000
அதுக்கு வட்டி: சுமார் 3,000
மொத்தம் 1,07,000. டி.டி.எஸ். 10,700 போக கைக்கு வருவது 96,300.

12/
இப்ப மூணாவது இடம், ரிட்டர்ன். அந்த நாலு வரியைத் திரும்பப் பாருங்க. நாலும் ஒரே மாதிரிப் பணம் இல்லை. 72,000 உங்க சம்பளத்துலேர்ந்து பிடிச்சது. அது ஏற்கெனவே உங்க சம்பளக் கணக்குல வந்த பணம். அதைத் திரும்ப "வருமானம்"னு காட்டினா ஒரே பணத்துக்கு ரெண்டு தடவை கணக்குக் கொடுக்கறீங்க. ஒரே ஊசியை ரெண்டு தடவை போட்டுக்கிட்ட மாதிரி.

13/
சொந்தக் காரணத்தால அஞ்சு வருஷத்துக்குள்ள எடுத்தவங்களுக்கு:
கம்பெனி பணமும் அதோட வட்டியும் (25,000) சம்பள வருமானத்துல வரும்.
உங்க பணத்தோட வட்டி (10,000) இதர வருமானத்துல வரும்.
உங்க 72,000 வருமானம் இல்லை. ஆனா முந்தைய வருஷங்கள்ல அதைக் காட்டி 80சி கழிவு வாங்கியிருந்தா, அந்தச் சலுகை திரும்பப் போகும். வருஷவாரியா கணக்குப் பார்க்கணும். இங்கதான் ஆடிட்டர் தேவை.
ஆகக் கணக்குல வர்றது 35,000. டி.டி.எஸ். பிடிச்சதோ 1,07,000-க்கும்.

14/
நோயால வேலை போனவங்களுக்கு:
நாலு வரியும், 1,07,000 முழுசும், வரி விலக்கு. ரிட்டர்ன்ல விலக்கு பெற்ற வருமானம்னு ஒரு பகுதி இருக்கு. அதுல 1961 சட்டத்தோட பிரிவு 10(12), அங்கீகரிக்கப்பட்ட வருங்கால வைப்பு நிதின்னு வரும். அங்க எழுதணும். சம்பளத்துல சேர்க்கக் கூடாது. எங்கேயும் எழுதாம விடவும் கூடாது. பிடிச்ச 10,700 உங்க 26ஏஎஸ்-ல 1961 சட்டத்தோட 192ஏ பிரிவுல நிக்கும். அதை டி.டி.எஸ். பகுதியில கேட்டு வாங்கணும்.

15/
"விலக்குதானே, எதுக்கு எழுதணும்?"னு கேட்கிறவங்க இருக்காங்க. காரணம் ரொம்ப சாதாரணம். பி.எஃப். ஆபீஸ் உங்க பேர்ல பணம் கொடுத்தேன், வரி பிடிச்சேன்னு ஏற்கெனவே சொல்லிடுச்சு. உங்க ரிட்டர்ன்ல அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லைன்னா ரெண்டும் ஒத்துப்போகாது. அப்புறம் மெயில் வரும். கீமோவுக்கு வேலூரோ சென்னையோ அலையற மனுஷன் அந்த மெயிலைப் பார்க்கவா போறார்?

16/
தப்பா எழுதினா எவ்வளவு வலிக்கும்னு பெரிய சம்பளக்காரர் கணக்குல பார்த்தா புரியும். பெங்களூருல ஐ.டி. வேலை பார்த்தவர், நாலு வருஷத்துல கிட்னி போய் டயாலிசிஸ்ல இருக்கார்னு வைப்போம். 2024-25 நிதியாண்டுல வாங்கின சம்பளம் 6 லட்சம், எடுத்த பி.எஃப். 4,70,000. புது வரி முறை. யாரோ மொத்தத்தையும் சம்பளத்தோட கூட்டிட்டாங்க. நிலையான கழிவு 75,000 போக 9,95,000. வரி, செஸ் சேர்த்து 51,480 ரூபாய். சரியா எழுதியிருந்தா? வருமானம் 5,25,000. ஏழு லட்சத்துக்குள்ள இருக்கறதால வரி பூஜ்யம். பிடிச்ச 47,000-மும் திரும்ப வரும்.

17/
கிட்டத்தட்ட ஒரு லட்சம் வித்தியாசம்னு அவசரப்பட்டுக் கூட்டாதீங்க. அந்த 51,480-ல 47,000 ஏற்கெனவே பிடிச்சது, மீதி 4,480 மேல கட்டணும். வித்தியாசம் 51,480. அதுவே போதும். டயாலிசிஸ் காப்பீட்டுல நடந்தாலும் வாரத்துக்கு மூணு நாள் போக்குவரத்து, கூட வர்றவங்க விடற கூலி, சாப்பாடு, இதுக்கெல்லாம் காப்பீடு கிடையாது.

18/
சின்னச் சம்பளக்காரங்க விஷயம் வேற. அவங்களுக்கு எப்படிப் போட்டாலும் வரி வராது. அவங்க இழக்கறது, ரிட்டர்னே போடாததால. "எனக்குத்தான் வரி இல்லையே"ன்னு விட்டுடறாங்க. 10,700 அப்படியே அரசாங்கத்துக்கிட்ட நிக்குது. ஷூ கம்பெனியில நின்னுக்கிட்டே வேலை பார்த்த பொண்ணுக்கு அது ஒரு மாசச் சம்பளத்துல பெரும்பகுதி. கேட்டாத்தான் திரும்ப வரும்.

19/
2025-ல ரிட்டர்ன் கடைசி நாள் ஜூலை 31-லேர்ந்து செப்டம்பர் 16-க்குத் தள்ளிப் போச்சு. கடைசி நாளைத் தவறவிட்டா தாமத ரிட்டர்ன் டிசம்பர் 31 வரை போடலாம். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தா தாமதக் கட்டணம்கூட இல்லை. அதுக்கும் முந்தைய வருஷங்களுக்கு, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போட வழி இருக்கு. 2024 அக்டோபர் சுற்றறிக்கைப்படி அஞ்சு வருஷம் வரை. "உடம்பு சரியில்லாம இருந்தேன்"ங்கறது அந்த மனுவுக்கு நியாயமான காரணம். 'அப்டேட்டட் ரிட்டர்ன்'னு ஒண்ணு இருக்கே, அதுல ரீஃபண்ட் கேட்க முடியாது. குழப்பிக்காதீங்க.

20/
இப்ப டாக்டர் பக்கம். "ரெஸ்ட் தேவை"ன்னு ஒரு வரி எழுதின சீட்டு இதுக்கு உதவாது. உங்க டாக்டர்கிட்ட இப்படிக் கேளுங்க: என்ன நோய், எப்போ கண்டுபிடிச்சது, என்ன சிகிச்சை, எந்த மாதிரி வேலை செய்ய முடியாது (எடை தூக்கறது, நின்னு பார்க்கறது, நைட் ஷிஃப்ட்), எவ்வளவு காலம். தேதி, கையெழுத்து, மெடிக்கல் கவுன்சில் பதிவு எண். கூடவே டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு. எழுதித் தர்றது எங்க வேலை, தயவு இல்லை.

21/
இதோட மறுபக்கத்தையும் சொல்லியாகணும். "சார், சும்மா ஒரு சர்டிபிகேட் போட்டுக் கொடுங்க, டாக்ஸ் மிச்சமாகும்"னு வர்றவங்களும் உண்டு. இந்த த்ரெட்டைப் படிச்சுட்டு இன்னும் பத்து பேர் வருவாங்கன்னு தெரியும். கிடையாதுங்க. பொய்ச் சான்று கொடுத்தா என் பதிவு போகும், அது என் கவலை. உங்களுக்கான கவலை வேற: போலிச் சான்று கூடக் கூட, நிஜமான டி.பி. நோயாளியோட காகிதத்தையும் ஆபீஸர் சந்தேகமாத்தான் பார்ப்பார். அந்த நஷ்டம் அவனுக்கு.

22/
இன்னொரு முக்கியமான விஷயம். பெரிய நோய் வந்ததும் உடனே வேலையை விட்டு பி.எஃப்.பை முடிக்காதீங்க. வேலையில இருந்துக்கிட்டே மருத்துவ அட்வான்ஸ் எடுக்கலாம். 2025 நடுவுல இருந்த விதிப்படி, ஒரு மாசம் ஆஸ்பத்திரியில இருந்தா, பெரிய ஆபரேஷன்னா, டி.பி., தொழுநோய், பக்கவாதம், புற்றுநோய், மனநோய், இதய நோய்க்கு லீவுல இருந்தா கிடைச்சது. ஆறு மாச அடிப்படைச் சம்பளமும் டி.ஏ.வும், அல்லது உங்க பங்கும் வட்டியும், எது குறைவோ அது கிடைச்சது. இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கணும்ங்கற நிபந்தனை அப்போ இல்லை. இதுக்கு டி.டி.எஸ். பிடிக்கறதில்லை. அட்வான்ஸ்களைத் தானியங்கி முறையில தீர்க்கும் வரம்பையும் 2025 ஜூன்ல 5 லட்சமாக்கினாங்க.

23/
இ.எஸ்.ஐ. இருந்தா அதையும் பாருங்க. தகுதி இருந்தா நோய்க்கால உதவி வருஷத்துக்கு 91 நாள், சம்பளத்துல 70%. டி.பி., புற்றுநோய் மாதிரி நீண்டகால நோய்களுக்கு, போதிய சர்வீஸ் இருந்தா, 80% வீதம் ரெண்டு வருஷம் வரை நீளும். அந்த உதவி வாங்கிட்டிருக்கும் காலத்துல முதலாளி வேலையை விட்டு நீக்கக் கூடாதுன்னு பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தோட பிரிவு 73 சொன்னது. அதனால ஹெச்.ஆர். "ரிசைன் பண்ணிடு"ன்னு போன்ல சொன்னதும் சரின்னு சொல்லிடாதீங்க. முதல்ல இதைக் கேட்டுட்டு அப்புறம் பேசுங்க.

24/
வேலை மாறுறவங்களுக்கு ஒரே வரி: பணத்தை எடுக்காதீங்க, பழைய கணக்குலேர்ந்து புதுக் கணக்குக்கு மாத்துங்க. அப்படி மாத்தினா பழைய கம்பெனி சர்வீஸும் அந்த அஞ்சு வருஷத்துல சேரும், வரிக் கேள்வியே வராது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துச் செலவழிச்சவங்களுக்கு நோய் வர்ற அன்னைக்குக் கணக்குல ஒண்ணும் இருக்காது.

25/
நிரந்தரமா, முழுசா வேலை செய்ய முடியாம ஆனவங்களுக்கு பென்ஷன் திட்டத்துல ஊனமுற்றோர் பென்ஷன் இருக்கு. ஒரு மாசம் பணம் கட்டியிருந்தாலே தகுதி உண்டு, மெடிக்கல் போர்டு பரிசோதனை இருக்கும். இங்கேயும் அதே கதைதான். கம்பெனி "இடைவிலகல்"னு பதிஞ்சு, பென்ஷன் பணத்தையும் மொத்தமா எடுத்துட்டா அந்த வழி அடைபட்டுப் போகும். விபத்துல முதுகுத்தண்டு போன 28 வயசுப் பையனுக்கு ஆயுசுக்கும் வர வேண்டிய பென்ஷன் அது. அவசரத்துக்கு எடுத்த சில ஆயிரத்துல அது போயிடக் கூடாது.

26/
என் கருத்து இதுதான். சட்டம் நோயாளிக்கு இரக்கம் காட்டியிருக்கு, பாராட்டணும். ஆனா அந்த இரக்கம் ஃபார்ம் தெரிஞ்சவனுக்குத்தான் கிடைக்குது. வரி பிடிக்கிறது தானா நடக்குது. விலக்கு மட்டும் தானா நடக்காது, நோயாளிதான் நாலு இடத்துல சரியா எழுதி நிரூபிக்கணும். ஆரோக்கியமா இருக்கறவனுக்கே கஷ்டமான வேலையை, படுக்கையில இருக்கறவன் தலையில வெச்சிருக்கோம்.

27/
மாத்தறதுக்குப் பெருசா ஒண்ணும் வேண்டாம். கம்பெனி ஒருத்தரை விடுவிக்கும்போது "உடல்நலக் குறைவா?"ன்னு ஆன்லைன்ல கட்டாயம் கேட்கட்டும், ஊழியர் ஒப்புதல் இல்லாம அந்தப் பதிவு முடியக் கூடாது. இ.எஸ்.ஐ. நோய்க்கால உதவி வாங்கினவர் பேர் அரசாங்கத்துக்கிட்டயே இருக்கு. பி.எஃப். ஆபீஸ் அதைப் பார்த்துட்டு டி.டி.எஸ். பிடிக்காம விடலாம். பெரிய அரசு ஆஸ்பத்திரிகள்ல காப்பீட்டுத் திட்டத்துக்கு உதவ ஆள் உட்கார்ந்திருக்காங்க. அதே மேஜையில பி.எஃப்., இ.எஸ்.ஐ. கேள்விக்கும் பதில் சொல்ல ஏற்பாடு பண்ணலாம்.

28/
அது நடக்கும் வரைக்கும் இதைச் சேமிச்சு வைங்க:
ராஜினாமாவுல நோயை எழுதுங்க.
ஃபார்ம்ல உடல்நலக் குறைவுன்னு டிக் பண்ணுங்க.
பேன் இணைங்க, தகுதி இருந்தா 15ஜி கொடுங்க.
26ஏஎஸ் பாருங்க.
ரிட்டர்ன்ல 10(12)-ல காட்டுங்க, டி.டி.எஸ். கேளுங்க.
கேள்வி வந்தா பயப்படாம டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் சான்று, ராஜினாமா நகல் வெச்சுப் பதில் போடுங்க.
எல்லாக் காகிதத்தையும் ஒரு கவர்ல ஏழெட்டு வருஷம் வைங்க.

29/
உங்க தெருவுல, உங்க சொந்தத்துல, போன ரெண்டு மூணு வருஷத்துல நோயால வேலையை விட்டு பி.எஃப். எடுத்தவங்க யாராவது இருப்பாங்க. அவங்க 26ஏஎஸ்-ஐ ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்க. பணம் நிக்குதுன்னா கேட்டு வாங்க இன்னும் நேரம் இருக்கு. நோய் பத்தின சந்தேகத்தைக் கீழ கேளுங்க, சொல்றேன். வரிக் கணக்குச் சந்தேகத்துக்கு, இதைப் படிக்கிற ஆடிட்டர் நண்பர்களே, நீங்க வந்து பதில் சொன்னா புண்ணியமாப் போகும்.